தலை குனிந்தால் கைதட்டு

பாட்டு டீச்சருக்குப் பிள்ளைகள் என்றால் உயிராம். அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அவர் வகுப்பில் மூன்று வயது வாண்டுகள்கூடப் பெட்டிப் பாம்பாய் அடங்கிக் கிடக்கும். ஒரு பிள்ளை வாசிக்கும்போது மற்றவை வாயில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்க வேண்டும். வாசித்த பிள்ளை தலை குனிந்து வணங்கியதும் கைதட்ட வேண்டும். நடுவில் எழுந்தால், உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்.

ஆண்டு விழாவில் அவர் வகுப்பு முட்டைக்கண்ணி டிரம் வாசித்தாள். இரண்டு தட்டுதான் தட்டியிருப்பாள். குச்சி கை நழுவி மேடையிலிருந்து உருண்டு, முன்வரிசையில் இருந்த அவளுடைய இரட்டைச் சகோதரனின் காலடியில் போய் விழுந்தது.

"எடுத்துக் குடுடா," என்றாள்.

அவன் குனியப் போனான். டீச்சர் கண்ணை உருட்டினார். அவன் அந்த அறைக்குள் ஏற்கெனவே ஒருமுறை இருந்தவன். விரலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டான்.

அவள் அம்மாவைத் தேடினாள். அம்மா செல்போனில் படம் எடுத்தபடி, "சிரிடி செல்லம்," என்றாள்.

முட்டைக்கண்ணியின் கால் வழியே மூத்திரம் இறங்கியது. அதைப் பார்க்கத் தலை குனிந்தாள். பிள்ளைகள் எல்லாம் கைதட்டின. நிமிர்ந்தாள், நிறுத்தின. அழுகையில் மறுபடி தலை கவிழ்ந்தது. மறுபடியும் தட்டின.

"எவ்வளவு மரியாதையா கேக்குறாங்க பாருங்க," என்றார் தலைமை ஆசிரியை.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சகோதரன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.