மகாராணிக்கு ஒரு டோஸ்

"தலையை ரொம்பத் தூக்காதீங்க! புரையேறிடும்!"

அவள் கத்திய கத்தலில், கணவன் பிடித்திருந்த ஆட்டின் தாடை நழுவியது. கடைவாயில் ஊற்றிய சர்க்கரை மருந்தில் பாதி அவன் சட்டைக்குப் போனது.

தகரக் கொட்டகைக்குள், இரண்டு வைக்கோல் மூட்டைகளுக்கு நடுவே முட்டுக் கொடுத்து உட்கார வைக்கப்பட்டிருந்தது அந்தச் செம்மறி. மகாராணி. நிறைசினை. நேற்றிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு சுவரையே வெறித்தது.

காலையில் கால்நடை டாக்டர் சொன்னது அவள் காதில் இன்னும் குடைந்தது.

"வயித்துல ஒண்ணுக்கு மேல குட்டிங்க. இதோட சத்தையெல்லாம் உறிஞ்சிடுச்சு. நேத்து போட்ட ஊசிக்கு சாயங்காலத்துக்குள்ள பிரசவமாயிடும். அதுக்கு முன்னாடி எழுந்து நாலு வாய் தின்னாதான் முக்கத் தெம்பு வரும். இல்லேன்னா தாயும் இல்லை, குட்டியும் இல்லை."

மாமியார் வளர்த்த ஆடு. தனிக்குடித்தனம் கிளம்பியபோது அடம்பிடித்து ஓட்டிவந்தவள் இவள். "உன் கையில அது பிழைக்காதுடி!" என்று மாமியார் விட்ட வார்த்தையோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

"இன்னொரு டோஸ் கொடுக்கலாமா?" என்றான் கணவன்.

"இப்பதானே கொடுத்தேன்?"

"அந்த டோஸ் இல்ல. எங்கம்மா விடுற டோஸ். அங்க தினம் திட்டு வாங்கிட்டுத்தானே இது தின்னும்? இங்க நீ செல்லம், கண்ணுன்னு கொஞ்சுறே. பாவம், அதுக்குப் பாஷை புரியல."

முறைத்தாள். ஆட்டைப் பார்த்தாள். ரோஷமாவது, மண்ணாவது!

"போடுங்க போனை."

ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் குழைந்தது. "மகாராணி... சாப்பிடும்மா தங்கம்..."

தெருவில் பால் வண்டியின் ஹாரன் அலறியது. போனுக்குள்ளும் ஒரு ஹாரன் அலறியது. மகாராணியின் காதுகூட அசையவில்லை.

"திட்டுங்க அத்தை!"

"நான் திட்டுறேன்னுதானே தனியா போனீங்க?"

"என்னை இல்ல அத்தை, ஆட்டை!"

ஒரு செருமல். அப்புறம் தகரமே அதிர்ந்தது.

"ஏ சோம்பேறிக் கழுதை! உலகத்துல நீ ஒருத்திதான் புள்ள பெறப் போறியா? எந்திரிடி!"

காது விறைத்தது. பின்னங்கால்கள் உதறின. வயிற்றுக்கடியில் இவள் கை கொடுக்க, மகாராணி எழுந்தே விட்டது! எதிர்த்து ஒரு 'ம்மே' சொல்லிவிட்டுத் தழையைக் கவ்வியது. அவள் சிரித்தாள், கூடவே அழுதாள்.

திட்டு நின்றால் மெல்லுவதும் நின்றது. ஆகவே மாமியார் நிறுத்தவே இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் முதல் குட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே இரண்டாவது. கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத மூன்றாவது!

"அத்தை! மூணு!"

"எண்ணினது போதும், அந்தக் கறுப்புக் குட்டியோட மூக்கைத் துடைடி! மூச்சுத் திணறுது பாரு!"

துடைத்தாள். கறுப்புக் குட்டி தும்மியது. அவள் கை அப்படியே நின்றது.

கறுப்பு என்று இவள் சொல்லவே இல்லையே?

கணவனின் கையைப் பார்த்தாள். போன் எப்போதோ சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. அவன் அசட்டுச் சிரிப்போடு தகரச் சுவரின் ஓட்டையைக் காட்டினான்.

ஓட்டையில் ஒரு கண்.

"காலையிலேயே வந்துட்டேன்டி," என்றது சுவர். "நீ வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாம எப்படி உள்ள வர்றது?"