அழிக்காமல் விட்ட பாட்டு

சுரங்க நடைபாதையில் விட்டுப்போன பாட்டு, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் நிற்கவில்லை. அதைப் பாடியவளின் பெட்டியோ நகராட்சி அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

அவளைப் பெட்டிக்காரி என்பார்கள். பகலில் தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். சாயங்காலமானால் காலால் மிதிக்கும் பெட்டியும் மைக்குமாகப் பேருந்துப் பணிமனை, வாகனம் நிறுத்தும் அடித்தளம் என்று பாட்டுக்குச் சம்பந்தமில்லாத இடங்களுக்குப் போவாள். கைப்பிடிக் கம்பியைத் தட்டி ஒரு மிதி மிதித்தால் பெட்டி அந்தத் தட்டலைப் பிடித்துத் திரும்பத் திரும்பச் சொல்லும். அதன் மேல் ஒரு சீழ்க்கை, அதன் மேல் குரல் என்று அடுக்கி, ஒற்றை ஆளே ஒரு கூட்டமாகிவிடுவாள். கிளம்பும்போது பெட்டியை நீள மிதித்து எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது மாதிரி. சுரங்க நடைபாதையில் பாடிய அன்றைக்கு அதற்கு விடவில்லை. அனுமதி இல்லை என்று காவலாளி ஒயரைப் பிடுங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பாட்டு அங்கேயே தங்கிவிட்டது.

பாட்டை அடக்க நகராட்சி, பாதைச் சுவருக்குப் புதிதாகப் பூசியது; பூச்சு பாட்டின் தாளத்துக்கு வரிவரியாகக் காய்ந்தது. பாதையைப் பூட்டியபோது பாட்டு தெருக்குழாய்களில் தண்ணீரோடு வந்தது. கடைசியில் நகராட்சி மேற்பார்வையாளர் அவளிடம் ஆள் அனுப்பினார்: வந்து பாட்டை அழித்தால் பெட்டி கிடைக்கும், இல்லையென்றால் பெட்டிக்குச் சுத்தியலடிதான்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போய் அழிச்சுட்டு வாங்கிட்டு வாடி. வீம்பு சோறு போடுமா?"

"பெட்டி மட்டும் விருந்தா போட்டுச்சு?"

அப்படிச் சொன்னாலும் போனாள். பெட்டி போனதிலிருந்து தையல் மேசைக்கு அடியில் அவள் கால் வெறுந்தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. எந்தச் சத்தமும் திரும்பி வரவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

சுரங்கப்பாதையில் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அவள் மைக்கை மேற்பார்வையாளர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காலைத் தூக்கியபடி நின்றாள்.

"என்னம்மா வேடிக்கை? சீக்கிரம் அழி!"

நீள மிதிக்கவில்லை. சுருக்கென்று ஒரு மிதி. "சீக்கிரம் அழி" பாட்டுக்குள் போய் உட்கார்ந்தது, அதற்காகவே இடம் விட்டிருந்தது போல. காவலாளி வாயைப் பொத்திச் சிரித்தான். மேற்பார்வையாளர் அவளைப் பிடிக்கப் பாய்ந்தார். அவர் கால்கள் பாட்டின் தாளத்துக்கு மட்டுமே எழுந்தன; எட்டிப் பிடிக்க முடியவில்லை. அவள் போட்ட தாளம் அவளை என்ன செய்யும்? ஒயரைக் கழற்றிச் சுருட்டி, பெட்டியை இடுக்கிக்கொண்டு நிதானமாகப் படியேறினாள்.

அதன் பிறகு அவள் எங்கேயும் அழிக்கவில்லை. நீதிமன்றப் படிக்கட்டு, மருத்துவமனை நடைக்கூடம், நகராட்சி மின்தூக்கி என்று அவள் பாடிய இடமெல்லாம் பாடிக்கொண்டே இருக்கிறது. மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுவிட்டார். நகராட்சி அலுவலகத்துக்கு யாராவது வழி கேட்டால், அங்குள்ளவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள்: "சுரங்கப்பாதையில நேராப் போங்க. 'சீக்கிரம் அழி'ன்னு ஒருத்தர் கத்துவாரு. அந்த இடத்துல இடது பக்கம் படி ஏறுங்க."