அளவுகோல் பிழை

என் மனைவியின் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அவளைப் பற்றி எனக்குத் தீர்மானமாகத் தெரிந்த விஷயங்களில் அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

நான் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைவாளனாக இருந்தவன். எங்கள் அலுவலகத்தில் அளவு தெரியாத புகைப்படம் கோப்பில் ஏறாது. இடிந்த மதகோ விரிசல் விட்ட தூணோ, எதைப் படம் எடுத்தாலும் பக்கத்தில் கோடு போட்ட கம்பு ஒன்று நிற்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். அலுவலகத்தில் என் பெயர் டேப்பு. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சுவர்ப் படங்களை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். சாலையைத் தோண்டிப் போட்டதால் அவளுடைய பேருந்து ஒரு மாதம் வேறு வழியில் போனது. ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

“மேம்பாலத்துக்குக் கீழ யாரோ ஒரு திமிங்கலத்த வரைஞ்சு வச்சிருக்காங்க. ஆனா பாதிதான் இருக்கு.”

“மீதி?”

“பஸ் போயிடுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். தலை ஒரு தூணில், வயிறு அடுத்ததில், வால் மூன்றாவதில் என்று துண்டு துண்டாக இருந்தது. அவள் பின்பக்கமாகவே நடந்துகொண்டு போனாள். வண்டிகள் ஒலி எழுப்பின. ஒரு இடத்தில் சட்டென்று நின்று, “இங்க வாங்க, இங்க வாங்க” என்று கையை ஆட்டினாள். அந்த ஒரே இடத்தில் நின்று பார்த்தால் மூன்று துண்டும் சேர்ந்து முழுத் திமிங்கலம். ஓரடி நகர்ந்தால் மறுபடி துண்டுதான்.

அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அப்படியே ஆகிவிட்டன. ஏதாவது ஒரு பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து திரும்பி நடப்போம். பணிமனைச் சுவர், ரயில்பாதை ஓரம், மூடிக் கிடக்கும் கடைகளின் இரும்புக் கதவு. கண்டுபிடிப்பது அவள், படம் எடுப்பது நான். வரைந்தவர்களை நாங்கள் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லாருக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். சாயம் காய்வதற்குள் அடுத்த நிறத்தைப் பூசி வழிய விடுகிறவன் அவசரக்காரன். எந்த உருவத்தை வரைந்தாலும் மூலையில் சின்னதாக ஒரு நாற்காலி போடுகிறவர் நாற்காலிக்காரர். “பாவம், அவருக்கு உக்காரவே நேரம் கிடைக்கல போல” என்பாள்.

ஆரம்பத்தில் நான் அலுவலகக் கம்பையும் முப்பது மீட்டர் நாடாவையும் எடுத்துக்கொண்டு போவேன். ஒருமுறை ஒரு சந்தில் ஒருவர் ஏணிமேல் நின்று வரைந்துகொண்டிருந்தார். நான் நாடாவை இழுத்த சத்தம் கேட்டுத் திரும்பினார். என் கையில் இருந்த கம்பைப் பார்த்தார். நகராட்சி ஆள் என்று நினைத்துவிட்டார். ஏணியை விட்டுக் குதித்தவர், சாயப் பையையும் ஒரு செருப்பையும் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டார்.

அவள் சிரித்துச் சிரித்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “உங்க கம்ப வீட்டுல வைங்க. ஊர்ல ஒருத்தனும் வரைய மாட்டான். நான் போய் சுவர் பக்கத்துல நிக்கிறேன். என்னையே அளவா வச்சுக்கோங்க.”

அன்றிலிருந்து அவள் பெயர் முழக்கோல். டேப்புக்கு ஏற்ற முழக்கோல்.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவள் ஓவியத்துக்கு இடதுபக்கம் சுவரை ஒட்டி நேராக நிற்பாள். நான் எதிர்ப்புறத்திலிருந்து எடுப்பேன். வீட்டுக்கு வந்ததும் கணினித் திரையில் அவளுக்கு எத்தனை மடங்கு ஓவியம் என்று பார்த்து, நூற்று ஐம்பத்திரண்டால் பெருக்கி உயரத்தைச் சொல்வேன். அவள் நோட்டில் எழுதுவாள். இடம், தேதி, என்ன உருவம், உயரம். அளவு எடுத்தபிறகு ஆள் தேவையில்லை. படத்தில் ஆள் நின்றால் கண் ஆளிடம்தான் போகும், சுவர் பின்னால் போய்விடும். அதனால் அவள் நின்ற பக்கத்தை வெட்டிவிடுவேன். வெட்டியதை அதே பெயரில் சேமிப்பேன். கேமரா அட்டையில் இருப்பதையும் அடுத்த வாரத்துக்காக அழித்துவிடுவேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். “முடிஞ்சுதா? வெட்டிப் போட்டாச்சா என்னைய?”

“ஆச்சு.”

“ஒருநாள் தேடுவீங்க பாருங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது. மகள் கைப்பேசியைத் தூக்கினாலே உள்ளங்கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். சுவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கூச்சம் இருக்காது. “அது நான் இல்லையே, அளவுதானே” என்பாள்.

இப்படிப் பதினோரு வருடம். நோட்டு மூன்று. படங்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

போன வருடம் மழைக்காலத்தில் முதுகுவலி என்று படுத்தாள். மாத்திரையில் நிற்கவில்லை. மருத்துவமனையில் செவிலி அவளை அளவுப் பலகையில் நிறுத்தி, “நூத்தி நாப்பத்தி நாலு” என்று எழுதினார்.

“நூத்தி அம்பத்திரண்டு” என்றேன்.

“இல்ல சார், நாப்பத்தி நாலு.”

“உங்க பலகை தப்பு. எனக்கு இவங்க உயரம் தெரியும். பதினோரு வருஷமா இவங்கள வச்சுத்தான் நான் அளக்கிறேன்.”

செவிலி என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் மனைவி, “விடுங்க, அவங்க வேலைய அவங்க பாக்கட்டும்” என்றாள். அப்போதும் பலகையின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

நோய் எலும்புக்குள் இருந்தது. முதுகெலும்பின் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி அமர்ந்திருக்கின்றன என்று மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “ஒரே நாள்ல இப்படி ஆகாது. உயரம் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலையா?” என்று கேட்டார். ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் மருந்துக்கு நேரம் கிடைத்திருக்கும் என்றும் சொன்னார். ஐந்து மாதத்தில் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு மருத்துவமனை அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். விறைத்த முகம், புள்ளி புள்ளியாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள் அதன் முன்னால் நின்று, “இது அம்மாவே இல்லப்பா” என்றாள். அவளிடம் இருந்த படங்கள் முன்பே ரயிலில் தொலைந்த கைப்பேசியோடு போயிருந்தன. கல்யாணப் படம் இருக்கிறது. அதில் இருபத்திரண்டு வயது. மகளுக்கு வேண்டியது நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக, சிரிக்கிற அம்மா.

கிளம்பும்போது கேட்டாள். “வாரா வாரம் கேமராவத் தூக்கிட்டுப் போனீங்களேப்பா. நாலாயிரம் படம் இருக்குன்னு சொல்லுவீங்க. அதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு எனக்குத் தேடிக் குடுங்க.”

“தரேம்மா” என்றேன். தர முடியும் என்றுதான் நினைத்தேன். எங்கேயாவது ஒன்றை வெட்டாமல் விட்டிருக்க மாட்டேனா?

விடவில்லை. நான் ஒழுங்கானவன். ஒரு நாளைக்கு இருநூறு படம் என்று இடது ஓரத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில் குடையின் நுனி. ஒன்றில் செருப்பின் முன்பக்கம். ஒரு மாலைநேரப் படத்தில் அவளுடைய நிழலின் தலைப்பகுதி, நான் வெட்டிய கோட்டைத் தாண்டி நாற்காலிக்காரரின் நாற்காலிமேல் விழுந்திருந்தது. அன்று முழுதும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்களைப் போலவே சுவர்களைப் படம் எடுக்கிற தபால்காரர் ஒருவர் உண்டு. அவர் வீட்டுக்கும் போனேன். மனிதர் எல்லாவற்றையும் திறந்து காட்டினார். பிறகு தயங்கிக்கொண்டே, “தப்பா நினைக்காதீங்க சார். அம்மா நின்னா நான் கொஞ்சம் நகரச் சொல்லிட்டுத்தான் எடுப்பேன். அவங்களும் சிரிச்சிட்டே நகந்துக்குவாங்க” என்றார்.

பதினேழாவது நாள், பழைய பனிக்கட்டித் தொழிற்சாலைச் சுவருக்கு வந்தேன். செங்கல் சுவர். மேலிருந்து தலைகீழாகக் குதிக்கும் நீச்சல்காரி ஒருத்தி. விரல்நுனி தரையைத் தொடும், பாதம் கூரையைத் தொடும். மூன்று வருட இடைவெளியில் அதை இரண்டு முறை எடுத்திருந்தோம். இரண்டாம் முறை போனபோது நீச்சல்காரியின் விரல்நுனியைச் சுற்றி யாரோ அலை வரைந்து சேர்த்திருந்தார்கள்.

அந்த இரண்டாவது படத்தின் ஓரத்தில் ஒரு மழைநீர்க் குழாய். அதை ஒட்டித்தான் வெட்டியிருந்தேன். குழாயின் நடுவே, வழிந்த சாயம் என்று நான் விட்டுவிட்ட ஏதோ ஒன்று இருந்தது. பெரிதாக்கினேன். நான்கு விரல்கள். குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்த அவளுடைய நான்கு விரல்கள். கணு வெளுத்திருந்தது.

தேதி பார்க்க நோட்டை எடுத்தேன். முதல் முறை, அவள் கையெழுத்தில்: நீச்சல்காரி, உயரம் 6.08 மீட்டர். இரண்டாம் முறை: நீச்சல்காரி, அலையோடு, உயரம் 6.40. அந்த 6.40-ஐச் சிவப்பு மையால் அடித்து 6.08 என்று திருத்தி, பக்கத்தில் ‘அளவுகோல் பிழை’ என்று எழுதியிருந்தது. சிவப்பு மை என்னுடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதாக ஞாபகம் வந்தது. சாலையின் மறுபுறத்திலிருந்து கத்தினேன். “ஏன் கூனிட்டு நிக்கிற? நேரா நில்லு! அளவு தப்பும்!” அவள் நிமிர்ந்தாள். மறுபடி தாழ்ந்தாள். “நேரா நில்லுன்னா கேக்க மாட்டியா?” வீட்டுக்கு வந்து கணக்கைப் போட்டுவிட்டு, சுவர் எங்கேயாவது வளருமா, எல்லாம் நீ ஒழுங்காக நிற்காததால் வந்தது என்று நோட்டை அவளிடமிருந்து வாங்கித் திருத்தினேன்.

“முழக்கோல் தேஞ்சு போச்சு போல” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

சுவர் வளராது. அது எனக்குத் தெரிந்திருந்தது. வளராத சுவர் பெரிதாகத் தெரிந்தால் கம்பு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6.08 மாறாது என்றால், அன்று அவள் உயரம் நூற்று நாற்பத்துநாலரை. மருத்துவமனைக்குப் போவதற்குப் பதினான்கு மாதம் முன்பு.

விரல்கள் இருந்த படத்தை மகளுக்கு அனுப்பினேன். வேறு எதுவும் இல்லை என்று எழுதினேன். உடனே கூப்பிட்டாள்.

“அம்மா கைதானேப்பா?”

“ஆமா.”

“மோதிர விரல் வளைவு... ஆமா, அம்மா கைதான்.” கொஞ்சநேரம் அழுதாள். பிறகு, “எதுக்கு இப்படிக் குழாயப் புடிச்சிட்டிருக்காங்க?”

நோட்டைப் பற்றிச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொன்னேன். கத்தியதையும், சிவப்பு மையையும், பதினான்கு மாதத்தையும்.

“தேஞ்சு போச்சுன்னு அம்மா சிரிச்சாங்களா?”

“சிரிச்சா.”

“நீங்க?”

“நானும்தான்.”

மகள் வேறு குரலில், சின்ன வயதில் எதையாவது பிடிவாதமாகக் கேட்கும்போது வருமே, அந்தக் குரலில் சொன்னாள். “அந்தப் படத்த வெட்டாம அனுப்புங்கப்பா.”

“வெட்டாதது இல்லம்மா.”

“இருக்கும், தேடுங்க.”

“இல்லம்மா.”

அவள் வைத்துவிட்டாள். அதன்பிறகு பேசுகிறாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். படத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கேமரா இல்லாமல் அந்தச் சுவருக்குப் போனேன். நீச்சல்காரி இல்லை. வெள்ளையடித்துவிட்டார்கள். வெள்ளைக்கு அடியில் செங்கல் வரிசைகள் தெரிந்தன. தரையிலிருந்து எண்ணினேன். இருபதாவது வரிசையின் மேல்விளிம்பு நூற்று ஐம்பத்திரண்டு. பத்தொன்பதாவதில் அன்றைய அவள். ஒரே ஒரு வரிசைதான் வித்தியாசம்.

குழாய் அப்படியே இருந்தது. அவள் நின்ற இடத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். பதிமூன்றாவது வரிசையின் உயரத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தேன். பதினோரு வருடத்தில் நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. எப்போதும் அந்தப் பக்கம் நின்று, கண்ணைச் சுவரில் வைத்திருப்பேன்.

சாலை அகலமே இல்லை. முப்பதடி இருக்கும். அங்கே, நான் கேமராவோடு நின்ற இடத்தில், பேருந்துக்காக ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர் சட்டையில் ஒரு பொத்தான் விட்டுப்போயிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். ஏதோ ஒரு பல்லில் வலி போல, கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். எல்லாமே இங்கிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது.