முழுக்கை அங்கி

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. கேலி செய்தவள் நான்தான். ஆனால் "நான்" என்று எழுதக் கை கூசுகிறது. "கிளார்க்" என்றே எழுதுகிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.

முதல் தொடக்கம்: மார்பகப் பரிசோதனை நிலையத்தின் பின்னறையில் ஒரு பெண் மௌனமாக...

(அடித்துவிட்டேன். டெய்லர் அக்கா மௌனமாக இருந்ததே இல்லை. அவள் பேச்சுக்கு நடுவில்தான் தையல் மிஷினே ஓடும்.)

2

பதினோரு மணி டீ அந்தப் பின்னறையில்தான். பரிசோதனைக்கு வரும் பெண்கள் உடுத்தும் அங்கிகளை அக்கா தைப்பாள். வெட்டி மிஞ்சிய துணிக் குவியல்மேல் கிளார்க் சம்மணமிட்டுக்கொள்வாள். நர்ஸ் கதவில் சாய்ந்து நிற்பாள். மிஷின் எண்ணெய் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் அந்த அறைதான். அப்படி வயிறு வலிக்கச் சிரித்த நாட்கள் பிறகு வாய்க்கவே இல்லை.

ஒருநாள் புது அங்கிகளில் ஒன்று மட்டும் விநோதமாக இருந்தது. மணிக்கட்டு வரை கை. முன்பக்கம் இரண்டு பாதி, ஒவ்வொன்றுக்கும் தனி நாடா.

"என்னக்கா இது, ரெயின்கோட்டா? அளவு தப்பிடுச்சா?"

"படம் எடுக்கற ரூம்ல குளிரும்ல. யாருக்காவது ஆகும்டி."

நர்ஸுக்குப் புரையேறியது. அங்கி ஆணியில் தொங்கியது. யாரும் உடுத்தவில்லை.

3

பரிசோதனைக்குரிய வயதை எட்டிய பெண்களை அழைத்துக் கடிதம் போடுவது கிளார்க்கின் வேலை. அக்காவின் அம்மா மார்பில் கட்டி முற்றித்தான் போனாள். அக்காவோ ஊருக்கெல்லாம் அங்கி தைப்பாள், பத்தடி தள்ளியிருக்கும் பரிசோதனை அறைக்குள் மட்டும் வரமாட்டாள். "அடுத்த மாசம் பாக்கலாம்டி."

கிளார்க் விடுவாளா? அக்காவின் வீட்டு முகவரிக்கே கடிதம் போட்டாள். மூன்று முறை. மூன்றாவதில் சிவப்பு மையில் "அவசியம்".*

* ஒவ்வொரு கடிதத்துக்குப் பிறகும் அக்கா இரண்டு நாள் வரவில்லை. காய்ச்சல் என்றாள். நம்பினோம். [இந்த இடத்தில் என்னையே நன்றாகத் திட்டி எழுதியிருந்தேன். கதைக்கு உதவாது என்று எடுத்துவிட்டேன்.]

4

அக்காவின் கணவனை எப்படி எழுதுவது? குடிக்கவைத்து, கத்தவைத்து ஒரு பத்தி எழுதினேன். பொய். வரும்போதெல்லாம் எங்களுக்கு பிஸ்கட் வாங்கி வருவார். "எங்க வீட்டம்மாவ நல்லா பாத்துக்கங்க" என்பார். தங்கமான மனுஷன் என்று பேசிக்கொண்டோம்.

நான்காவது கடிதத்தை உறையில் போடும்போது அக்கா கிளார்க்கின் கையைப் பிடித்தாள். ரவிக்கையின் கை மேலேறியது. உள்ளே நான்கு விரல் பதிந்து கன்றியிருந்தது.

"லெட்டர் வேணாம்டி. அவர்தான் பிரிக்கிறாரு. எவனுக்குக் காட்டப் போறேன்னு..."

"படம் எடுக்கறதே பொம்பளைதானேக்கா?"

"சொன்னேன். அதுக்கும் அடி விழுந்துச்சு."

அக்கா கையை இழுத்து மூடிக்கொண்டாள். "இந்த உடம்போட எப்படி வந்து நிப்பேன்? நீங்க பாத்துட்டா, அப்புறம் இந்த ரூம்ல எப்படிடி சிரிக்கறது?"

கிளார்க் ஆணியைப் பார்த்தாள். முழுக்கை. ஒரு பாதியைத் திறந்தாலும் மறுபாதி மூடியே இருக்கும். அளவு தப்பவில்லை. அக்கா தனக்குத்தான் தைத்திருக்கிறாள். வரத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள்.

கடிதத்தைக் கிழித்தாள். "செவ்வாக்கிழமை, டீ நேரத்துல. லெட்டர் வராது, ஃபோன் வராது. படம் எடுக்க நர்ஸ் மட்டும் இருப்பா. யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டா."

"உள்ள தாழ் போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்க்கா."

5

முடிவு ஒன்று: அக்கா வந்தாள், தாழ் போடும் சத்தம் கேட்டது.

முடிவு இரண்டு: செவ்வாய்க்கிழமை டீ ஆறி...

(இதை முடிக்க மனம் வரவில்லை.)

நடந்தது: திங்கட்கிழமையே கிளார்க்கை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா வந்தாளா என்று பிறகு நர்ஸை ஃபோனில் கேட்டேன். (ஆமாம், நான்தான். இனி எதற்கு மறைக்க?)

"நான் வாயத் திறக்க மாட்டேன்னு நீதானே அக்காவுக்கு வாக்குக் குடுத்த? அது உனக்கும் சேத்துத்தான்."

"சரி, அந்த ஆணியில இப்ப என்னடி தொங்குது?"

"நீ விட்டுட்டுப் போன குடை மட்டும்தான்."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதி உங்களிடம் இருக்கிறது. உங்களுக்கும் ஒரு டெய்லர் அக்கா இருப்பாள். அவளிடம் நேரில் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கடிதம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.