ட்ரெவருக்காகச் சேமித்த சொல்

ட்ரெவர் மேல எனக்கு இருந்த ஆத்திரம் மினசோட்டாவுல எங்க டுலூத் ஊர்க் குளிர்லயும் ஆறலை. ரெண்டு பேரும் சேர்ந்து வெப்சைட் நடத்தினவங்க நாங்க. ஜனங்க இணையத்துல எதைத் தேடறாங்க, எத்தனை பேர் தேடறாங்க, அதுக்குப் போட்டி எவ்வளவுன்னு காட்டற சாஃப்ட்வேர் இருக்கு. அதைக் கிண்டிக் கிண்டி நான் கண்டுபிடிச்சதுதான் உறைஞ்ச ஏரியில கூடாரம் போட்டு மீன் பிடிக்கறதைப் பத்தின சைட். பிரிஞ்சு ஃபீனிக்ஸுக்குப் போனவன், அதை வரிக்கு வரி சுட்டான். வெயில் ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு ஐஸ் மீன்பிடிப்பு நிபுணராம்! போதாக்குறைக்கு எங்களை மாதிரி சைட் நடத்தறவங்க குரூப்ல என் பேரைச் சொல்லி, "மார்லிஸ்தான் என்னைக் காப்பி அடிச்சா"ன்னு சொல்லிட்டான். எல்லாரும் நம்பினாங்க. அவன் வாயாலயே "எடுத்தேன்"னு அவங்க முன்னாடி சொல்லணும். எனக்கு அது ஒண்ணு போதும்.

அப்புறமும் அடுத்த சைட்டுக்குன்னு நான் சாஃப்ட்வேர்ல எந்தத் தேடல் சொல்லைச் சேமிச்சாலும் அவன்கிட்ட அதே சொல்லுல சைட் முளைச்சுது. பார்த்தா, ரெண்டு பேரும் இன்னும் அதுல எங்க பழைய கூட்டுக் கணக்கையேதான் திறக்கறோம். சேமிச்ச சொற்களைக் கடைசியா திறந்தது ட்ரெவர்னு அதுலயே காட்டுது. பாஸ்வேர்டை மாத்தப் போனவ, கையை எடுத்துட்டேன். இரு மவனே, வரேன்.

இங்கே ஃப்ராஸ்ட்கேட்னு ஒரு கூடார ஹீட்டர் வித்தாங்க. புகை கக்கிக் கக்கி கூடாரத்துல இருந்தவங்களை வெளியே துரத்துச்சு. கம்பெனிக்காரன் கதவைச் சாத்திட்டு ஓடிட்டான். வாங்கினவங்க எல்லாம் அந்தப் பேரைத் தேடிக்கிட்டே இருக்காங்க, வாங்க இல்லை, கம்பெனிக்காரன் சட்டையைப் பிடிக்க. சாஃப்ட்வேருக்கு அது தெரியுமா? தேடல் அமோகம், போட்டி சுத்தமா இல்லைன்னு பச்சையா காட்டுது. நான்னா, அந்தச் சொல்லைத் தட்டி, என்னதான் கேக்கறாங்கன்னு வாசிச்சுப் பார்ப்பேன். ட்ரெவர் அதுக்குக் கிண்டல் பண்ணுவான்: "நம்பர் சொல்லுது, அப்புறம் உனக்கு என்ன வாசிப்பு?"

ஃப்ராஸ்ட்கேட்னு மட்டும் சேமிச்சேன்.

வலையில வந்து விழுந்தான். எங்க தொழில்ல எல்லாருக்கும் இருக்கற ஆசைப்படி அந்தப் பேர்லயே வெப்சைட் முகவரி வாங்கி, ஜனங்க நம்பணும்னு தன் போன் நம்பரையும் கொட்டை எழுத்துல போட்டான்.

அடுத்த குரூப் வீடியோ கூட்டத்துல பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்துல போன் ஓயாம அடிக்குது.

"மினசோட்டாக்காரன் பூரா என்னைக் கூப்பிட்டுத் திட்டறான்! நான்தான் கம்பெனியாம்! ஒருத்தன் ஹீட்டரைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கே வரேங்கறான்!"

"அடப்பாவமே"ன்னேன் நான். "அந்தப் பேர்ல ஏன் யாருமே கடை போடலைன்னு யோசிக்கலையா நீ?"

"நடிக்காதே! வேணும்னே வச்சிருக்கே! உன் லிஸ்ட்ல இருந்துதானே எடுத்தேன், எல்லாத்தையும் மாதிரி!"

சொன்னதும்தான் அவனுக்கே உறைச்சுது. அன்னிக்கு குரூப்ல என்னைத் திருடின்னு சொன்ன பெரிய மனுஷி நான்சென் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எனக்கு ஜென்ம சாபல்யம்.

"எல்லாத்தையுமா, ட்ரெவர்?"

போன் மறுபடியும் அடிச்சுது.

"எடுப்பா"ன்னேன். "வாடிக்கையாளர் காத்திருக்காங்க."