சூடேறாத சுண்ணாம்பு

எங்க வீட்டுக்காரரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்துல வேதியியல் டீச்சர்கள். துறைத்தலைவர் பதவி காலியாச்சு, ரெண்டு பேருமே கேட்டோம். அன்னைக்கே மனுஷன் தலைமையாசிரியைகிட்ட போய், "சோதனைன்னா அவளுக்குக் கை நடுங்கும் மேடம், பாவம்"னு சொல்லிட்டு வந்திருக்காரு. இத்தனை வருஷமா இவரு சோதனைக்கெல்லாம் கரைசல் கலக்கி, குடுவை கழுவி எடுத்து வச்சது யாரு? நான்தான். ஐயா ஜம்முனு வந்து ஊத்துவாரு, பசங்க கைதட்டுவாங்க.

"ஆளுக்கொரு பாடம் நடத்திக் காட்டுங்க, முடிவு பண்றேன்"னுட்டாங்க மேடம். இவரு சேர்க்கை வினையை எடுத்துக்கிட்டாரு. சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா புஸ்ஸுனு பொங்கி, பீக்கரே கொதிக்கும்.

வீட்லயும் சரி, ஆய்வகத்துலயும் சரி, இவருக்குத் திறந்ததை மூடற பழக்கமே கிடையாது. பின்னாடியே போய் மூடறது என் தலையெழுத்து. சுட்ட சுண்ணாம்பு திறந்து கிடந்தா காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சு செத்துப்போகும், அப்புறம் தண்ணி ஊத்தினாலும் சூடு வராது. ஒத்திகை பார்த்துட்டு டப்பாவை வழக்கம்போலத் திறந்து போட்டுட்டுப் போனாரு. கிடக்கட்டும்னு விட்டுட்டேன். வாரம் பூரா நல்ல மழை. எனக்கு அப்படியொரு தூக்கம்!

பாடத்தன்னைக்கு மேடம் முதல் பெஞ்சுல, நான் கடைசியில. தண்ணியை ஊத்திட்டு, பீக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்காம மனப்பாடமா ஒப்பிச்சாரு: "எப்படிக் கொதிக்குது பாருங்க! யாரும் தொடாதீங்க, கை வெந்துடும்!" காரம் இருந்தா நிறம் காட்டற பினாப்தலீன் ரெண்டு சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பு நிறம் என்னவோ வந்துது. ஆனா ஆவியும் இல்ல, சத்தமும் இல்ல. மேடம் எழுந்து வந்து பீக்கரைத் தொட்டுப் பார்த்தாங்க. அப்புறம் கையிலயே எடுத்துக்கிட்டாங்க.

"ஜில்லுனு இருக்கே சார்?"

வகுப்பே கொல்லுனு சிரிச்சுது. இவரு முகம் செத்துப்போச்சு. என்னைக் கை காட்டினாரு.

"இவதான் மேடம்! டப்பாவை மூடாம விட்டுட்டா!"

"திறந்தது யாரு?"ன்னாங்க மேடம்.

"நான்தான். ஆனா மூடறது அவ வேலை. கலக்கறது, அளக்கறது, எடுத்து வைக்கிறது எல்லாமே எப்பவும் அவதானே!"

சொன்னப்புறம்தான் என்ன சொன்னோம்னு மனுஷனுக்கு உறைச்சுது. மேடம் என் பக்கம் திரும்பினாங்க.

"நீங்க பாடம் நடத்திக் காட்ட வேண்டாம் டீச்சர். திங்கட்கிழமையிலிருந்து துறைத்தலைவர் நீங்கதான்."

பசங்க முன்னாடி அவரு தலை குனிஞ்சு நின்னாரு. எனக்கு ஒரு துளி இரக்கம் வரல.