தொடாத நெற்றி

கதிரவன் மேற்கே சாய, உயர்ந்த மாடங்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாய்ச் செம்பொன் பூண்டு பின் ஒளியிழக்க, பணி முடித்து வீடு திரும்புவோர் தெருக்களை நிறைத்துப் பெருகிய மாலைப் பொழுதில், ஆற்றோரத்துப் பெருமருத்துவமனையின் மேல்தளத்தில் மட்டும் எவர்க்கும் வீட்டு நினைவு எழவில்லை. நரம்பின் மேலுறையை உடலே பகையென்று மயங்கி அரித்துத் தின்னும் தண்டுவட மரப்பு நோய்க்கு அங்கே ஒரு மருந்து ஆய்வில் இருந்தது. உறை உரிந்த கம்பியில் விளக்கு மினுக்கி மினுக்கி அணைவதுபோல், அந்நோயுற்றார்க்குக் கண் மங்கும், கை சோரும், கால் தள்ளாடும்.

அவ்வாய்வின் தலைவரை, அன்பார்ந்த வாசகரே, உலகம் பின்னாளில் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. அன்றோ அவர் நெஞ்சு பதைத்த ஓர் அண்ணன். எந்தத் தங்கையின் பொருட்டு அத்துறையில் இறங்கினாரோ, அவளும் அவ்வாய்வில் ஊசி ஏற்றுக்கொள்பவருள் ஒருத்தி. பாதிப் பேர்க்கு மருந்து, பாதிப் பேர்க்கு வெறும் உப்புநீர். எவர்க்கு எது என்பதை மருந்தாளர் ஒருவரே அறிவார். உறவினள் ஆதலால் அவளைப் பிற மருத்துவரே ஆராய்ந்தனர். இவ்விதிகளையெல்லாம் வகுத்த பெருமான், தாம் போட்ட பூட்டின்முன் தாமே கைபிசைந்து நின்றார்.

அவள் கால் நாளுக்குநாள் துவள்வதைக் கண்டு பொறாதவராய், அம்மாலை மருந்தாளரின் அறைக்குள் நுழைந்தார்.

"என் தங்கச்சிக்கு எது போகுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்க கேட்டா சொல்லித்தான் ஆகணும் சார். ஆனா அதுக்கப்புறம் இந்த ஆய்வை யாரும் நம்ப மாட்டாங்க," என்றார் மருந்தாளர். "ஒரு தடவை அவங்களப் போய்ப் பார்த்துட்டு வந்து கேளுங்க."

ஊசி ஏற்றியபின் அவள் படுத்திருந்த அறைக்குச் சென்றார். கதவுப் பிடியில் ஊன்றுகோல் தொங்க, கழுத்துவரை கம்பளி போர்த்து, பல் கிட்டித்துக் கிடந்தாள் தங்கை.

"ஊசி போட்டா இப்படித்தாண்ணா உலுக்குது. நீ கிளம்பு, காலைல சரியாயிடும்."

உண்மை மருந்து ஏறியவர்க்கே அக்குளிர்காய்ச்சல் வரும் என்பதை அவர் அறிவார். காய்ச்சல் கண்டு களித்த மருத்துவர் இவ்வுலகில் அவர் ஒருவராகத்தான் இருத்தல் வேண்டும். எத்தனையோ பேரின் உடற்சூட்டை அளந்த அக்கை, அவள் நெற்றியைத் தொடாமலே திரும்பிற்று. நம்ப விரும்பினார், நம்பினார். மருந்தாளரிடம் அவர் மீண்டும் செல்லவில்லை.

ஆய்வு முடிந்தது, மருந்து வென்றது. எவர்க்கு எது சென்றது என்று வெளியிட்ட நாளில், அவையோர் கைதட்டிக்கொண்டிருக்கையிலேயே மருந்தாளர் அருகே வந்தார்.

"உங்க தங்கச்சிக்குப் போனது உப்புநீர் சார்."

அதற்குள் அவள் சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்டிருந்தாள். இழந்த நடையை மீட்டுத் தரும் ஆற்றல் அம்மருந்துக்கும் இல்லை. சாளரத்தோரம் அமர்ந்திருந்தவள்முன் அவர் மண்டியிட்டார்.

"ஏம்மா அன்னைக்கு நடுங்குற மாதிரி நடிச்ச?"

"ஊசி போட்டா மத்தவங்கல்லாம் நடுங்குறதா பேசிக்குவாங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல. அப்பவே புரிஞ்சுபோச்சு. உனக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டு என்னை மட்டும் காப்பாத்தப் பார்ப்ப. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ நெத்தியில கை வச்சுடுவியோன்னுதான் பயந்துக்கிட்டே கிடந்தேன்."

அவர் அழுதார். அன்று வைக்காத கையை இன்று எடுத்து அவள் நெற்றியில் வைத்தார். குளிர்ந்திருந்தது.

அம்மருந்து இன்று கடல் கடந்தும் செல்கின்றது. சாய்ந்துவிடுவோம் என்று அஞ்சியிருந்தோர் பலர் தம் காலால் நடக்கின்றனர். அவரிடம் பயின்ற மருத்துவர் எல்லாரிடத்தும் ஒரு வழக்கம் உண்டு: கருவி எது சொன்னாலும், முதலில் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பின்னரே பேசத் தொடங்குவர். அதனைத் தம் ஆசானின் பரிவு என்று போற்றுகின்றனர். ஒரு மாலையில் தொடாமல் விட்ட நெற்றியை அவர் வாழ்நாளெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தார் என்பது, வாசகரே, நமக்கல்லவா தெரியும்.